மூன்றாம் பேஸ் குமாரவேல்

காஞ்சிபுரத்தில் பேஸ்பால் ஆடத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. காஞ்சி வட்டாரப் பேஸ்பால் மேம்பாட்டுக் கழகத்துக்கு இது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. கழகத்துக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், இரண்டு துணைத் தலைவர்கள், மூன்று ரப்பர் முத்திரைகள், காப்பித்தூள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை எல்லாம் இருந்தன. பந்துகூட ஒன்று இருந்தது. அது அழுக்காகிவிடக் கூடாது என்று கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி தலைவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

கோழி வளர்ப்பு சொல்லிக்கொடுக்க வந்து இரண்டு வருஷம் தங்கியிருந்த அமெரிக்க இளைஞர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது அந்தப் பந்தையும் ஓர் அட்டைப் பெட்டியையும் கழகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெட்டிக்குள் இருந்தது மேஜைமேல் ஆடும் பேஸ்பால். பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணை ஆட்டக்காரருடைய அட்டையில் பார்த்து, அவர் அடித்தாரா அவுட்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இப்படியே ஒரு லீக் பருவம் முழுவதையும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் நடத்திவிடலாம் என்று பெட்டிமேல் அச்சிட்டிருந்தது. தலைவர் கலியாணசுந்தரம் ஓய்வுபெற்ற சார்பதிவாளர். அந்த வரியைப் படித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்வார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம் லீக்கைத் தொடங்குவது என்று தீர்மானம் நிறைவேறியபோது, பெட்டிக்குள் இருந்த அட்டைகளைக் கரையான் தின்றிருந்தது. பகடைகளைக் காணவில்லை. விதிப் புத்தகத்தில் எட்டுப் பக்கம் மிஞ்சியிருந்தது. பகடைக்குப் பதில் தாயக்கட்டை போதும் என்றார் செயலாளர் ஆதிகேசவன். கீழே காப்பித்தூள் கடை அவருடையதுதான். அட்டைக்கு என்ன செய்வது? அப்படித்தான் அவர்கள் பரசுராமனைத் தேடிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கு வந்தார்கள்.

பரசுராமன் ஜக்கார்டு தறிகளுக்கு அட்டை குத்துகிறவர். சேலைக் கரையில் மயில் வர வேண்டுமா, மாங்காய் வர வேண்டுமா என்பதை அட்டையிலுள்ள துளைகள்தாம் தறிக்குச் சொல்லும். ஒரு துளை இடம் மாறினால் மயிலுக்கு மூன்று கால் வந்துவிடும். பதினொரு வருஷத்தில் பரசுராமனுடைய மயில்களுக்கு அப்படி ஒரு விபத்து நேர்ந்ததில்லை.

"முப்பத்தாறு அட்டை வேணும்பா. நாலு டீமு. பிள்ளையார்பாளையம் டீமுக்கு நீயே மேனேஜரு" என்றார் ஆதிகேசவன்.

"எனக்கு இந்த ஆட்டமே தெரியாதுங்களே."

"தெரிந்தவர்கள் வந்தால் தகராறு வரும்" என்றார் தலைவர். "கழகம் அனுபவத்தில் கண்ட உண்மை இது."

ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் கொடுத்தார்கள். ஒரு படிவத்தில் முப்பத்திரண்டு கேள்விகள். ஆட்டக்காரர்கள் கிடையாது என்பதால் கேள்விகளைக் குறைக்கலாமே என்று பரசுராமன் மெதுவாகக் கேட்டார். இல்லாதவர்களைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும் என்று தலைவர் விளக்கினார்.

பரசுராமன் மூன்று நாள் உட்கார்ந்து எட்டுப் பேரை உண்டாக்கினார். பெயருக்குக் கடவுள்களைத் துணைக்குக் கூப்பிட்டார். உயரத்துக்கு எட்டுப் பேருக்கும் தம் உயரத்தையே எழுதினார்: ஐந்தடி நான்கு அங்குலம். ஒன்பதாவது ஆள், மைதானத்தில் மூன்றாம் பேஸ் என்ற இடத்தில் நிற்க வேண்டியவர், வரமாட்டேன் என்றார்.

"இன்னா, இன்னுமா முடியல?" என்று கேட்டாள் பெரியநாயகி. ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷமாக அந்த ராட்டைச் சத்தத்துக்கு நடுவில்தான் இருவரும் பேசிக்கொள்வது வழக்கம்.

"எட்டு ஆச்சு நாயகி. ஒம்பதாவது ஆளுக்கு பேரு கெடைக்கல."

"குமாரவேல்னு போடுங்க."

யோசிக்காமல் சொன்னாள். பரசுராமன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு அது?"

"யாரோ. ஆட்டக்காரருதானே வேணும்? இப்படிக் குடுங்க, இவருக்கு நான் எழுதறேன்."

ராட்டையை நிறுத்திவிட்டு வந்து படிவத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு மணி நேரம் எழுதினாள். நடுவில் இரண்டு தடவை பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஒரு தடவை சிரித்தாள்.

மறுநாள் காலையில் பரசுராமன் அதைப் படித்தார். வயது இருபத்தெட்டு. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். அங்க அடையாளம்: இடது புருவத்தில் சிறு தழும்பு, சிரிக்கும்போது ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். குரல்: அதட்டாத குரல். பழக்கவழக்கங்கள்: சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்து வைப்பார். திருமணம்: ஆகவில்லை. முகவரி என்ற இடத்தில் அவர்கள் வீட்டு முகவரியையே போட்டிருந்தாள்.

'ஒரு பக்கம் மட்டும் குழி' என்பதைப் பரசுராமன் மூன்று தடவை படித்தார். பார்க்காத ஆளுக்கு அப்படி எழுத முடியுமா?

அட்டையில் எத்தனை துளை குத்துவது என்பதைக் கழகம் படிவத்தைப் பார்த்து முடிவு செய்தது. தாயக்கட்டையில் விழக்கூடிய எண்கள் ஏழு. ஆகவே அட்டையில் ஏழு இடம். விழுந்த எண்ணுக்கு நேரே துளை இருந்தால் ஆட்டக்காரர் பந்தை அடித்தார் என்று பொருள், இல்லாவிட்டால் அவுட். ஆளுக்கு இரண்டு துளை பொது. ஐந்தரை அடிக்கு மேல் உயரம் என்றால் ஒன்று கூடுதல். நல்ல பழக்கத்துக்கு ஒன்று. குடும்பப் பொறுப்பு இல்லாமைக்கு ஒன்று. கணக்குப்படி குமாரவேலுக்கு ஐந்து துளை வந்தது. ஐந்தையும் பரசுராமனே தம் கையால் குத்திக்கொடுத்தார். குத்தும்போது உளி வழக்கத்தைவிடச் சற்று ஆழமாக இறங்கியது.

திங்கட்கிழமை தொடக்க விழா. மாடி அறையில் பதினேழு பேர் இருந்தார்கள். தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! விளையாட்டுத் துறையின் மாபெரும் எதிரி யார்? விளையாட்டு வீரர்! அவர் தாமதமாக வருகிறார். காலைச் சுளுக்கிக்கொள்கிறார். தோற்றால் நடுவரோடு கைகலக்கிறார். எந்த நாட்டிலும் எந்தக் கழகமும் செய்யத் துணியாததை நமது கழகம் செய்திருக்கிறது. வீரரை அடியோடு நீக்கியிருக்கிறோம்! இன்று முதல் காஞ்சியில் விளையாட்டு இருக்கும். விளையாடுகிறவர் இருக்க மாட்டார். நிர்வாகம் மட்டும் இருக்கும்!"

கைதட்டல் எழுந்தது. துணைத் தலைவர்கள் இருவரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

மேனேஜரே கட்டையை உருட்டினால் தில்லுமுல்லு நடக்கும் என்பதால், அவர் வீட்டைச் சேர்ந்த ஒருவர்தான் உருட்ட வேண்டும் என்று பதினான்காம் விதி சொன்னது. பிள்ளையார்பாளையத்துக்காகப் பெரியநாயகி உட்கார்ந்தாள். எதிரே ஓரிக்கை அணி. முதல் இரண்டு ஆட்டக்காரர்களுக்குக் கட்டைகளைச் சும்மா தரையில் விட்டாள். இரண்டு அவுட். மூன்றாவதாகக் குமாரவேல் வந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கட்டைகளை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். காதருகே கொண்டுபோய்க் குலுக்கி, "வாப்பா குமாரவேலு" என்றாள் மெதுவாக.

பன்னிரண்டு விழுந்தது. துளை இருந்தது. அறை முழுவதும் ஓ என்று கத்தியது.

'வாப்பா' என்ற சொல் பரசுராமனின் காதிலேயே நின்றுவிட்டது. ஆறு வருஷமாக அவருக்கு வாய்த்தது 'ஏங்க' ஒன்றுதான்.

அடுத்த ஆட்டக்காரரின் அட்டையை எடுக்க ஆதிகேசவன் கையை நீட்டினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த தர்மன் குறுக்கே விழுந்தார். அவர் செவிலிமேட்டு அணியின் மேனேஜர். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார்.

"இன்னா சார் இது? பன்னெண்டு போட்டா மறு ஆட்டம் உண்டு. தாயம், அஞ்சு, ஆறு, பன்னெண்டு, எல்லாத்துக்கும் உண்டு. அதே ஆளுதான் ஆடணும். இதுகூட தெரியாம இன்னா லீக்கு நடத்துறீங்கோ?"

அறையிலிருந்த எல்லாரும் ஆமாம் என்றார்கள். தாயக்கட்டையைப் பற்றிக் காஞ்சிபுரத்தில் இரண்டு கருத்து கிடையாது. தலைவர் விதிப் புத்தகத்தின் எட்டுப் பக்கத்தையும் புரட்டினார். தாயத்தைப் பற்றி அமெரிக்கர்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"மறு ஆட்டம் அனுமதிக்கப்படுகிறது" என்றார்.

குமாரவேல் பத்தரை மணிக்கு ஆடத் தொடங்கினார். சாயங்காலம் நாலரைக்கும் ஆடிக்கொண்டிருந்தார். ஓரிக்கைக்காரர்கள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்கள். அவர்கள் ஒரு தடவைகூடக் கட்டையைத் தொடவில்லை. ஆடாதவர் தோற்க முடியாது என்பதால், வெற்றி பிள்ளையார்பாளையத்துக்கு, தோல்வி ஒருவருக்கும் இல்லை என்று கழகம் அறிவித்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பெரியநாயகி கையைப் பிசைந்துகொண்டே வந்தாள். "கை வலிக்குது. மனுசன் நின்னாருன்னா நிக்கிறாரு பாருங்க" என்றாள்.

பரசுராமன் நடையை எட்டிப்போட்டார்.

செவ்வாய்க்கிழமை வெளியூர் ஆட்டம். செவிலிமேட்டில் நடப்பதாகக் கருதப்படும் ஆட்டம் அதே மாடி அறையில்தான் நடந்தது. ஆனால் அணி செவிலிமேட்டுக்குப் போய்த் திரும்பியிருக்க வேண்டும். ஒன்பது ஆட்டக்காரர்களுடைய பஸ் டிக்கெட்டுகளையும் அறிக்கையோடு இணைக்க வேண்டும் என்பது விதி. காலையில் பரசுராமனும் பெரியநாயகியும் ஒன்பது அட்டைகளோடு டவுன் பஸ் ஏறினார்கள்.

"பதினோரு டிக்கெட்டு செவிலிமேடு" என்றார் பரசுராமன்.

கண்டக்டர் பஸ்ஸை ஒரு சுற்றுப் பார்த்தார். "மீதி ஒம்பது பேரு எங்கப்பா?"

பரசுராமன் துணிப்பையைக் காட்டினார். கழகத்தின் கடிதத்தையும் காட்டினார். கடிதத்தில் மூன்று முத்திரை இருந்தது. மூன்று முத்திரையைப் பார்த்த கண்டக்டர் வேறு கேள்வி கேட்காமல் பதினொரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் இடம் ஒன்றே ஒன்று இருந்தது. இருவர் உட்காரும் இருக்கை. பெரியநாயகி குமாரவேலின் அட்டையைப் பையிலிருந்து தனியாக எடுத்து, ஜன்னலோரம் நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"மத்தவங்களோட சேத்து வெச்சா வளைஞ்சிடும்" என்றாள்.

செவிலிமேடு போகும் வரைக்கும் பரசுராமன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குமாரவேல் பாலாற்றுக் காற்று வாங்கிக்கொண்டு வந்தார். திரும்பும்போதும் அப்படியே. அன்று பிள்ளையார்பாளையம் அறுபத்திரண்டு ஓட்டத்தில் ஜெயித்தது. தர்மன் பரசுராமனைத் தனியே கூப்பிட்டு, "அந்தாளை எங்களுக்கு விட்டுக்குடேன்பா. நாங்க நல்லா வெச்சிக்கிறோம்" என்றார். எடுத்துக்கொண்டு போ என்று சொல்லப் பரசுராமனின் நாக்கு துடித்தது. பெரியநாயகி பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மழை. அதாவது, வானிலைக்கென்று முதலில் ஒரு தடவை கட்டை உருட்டினார்கள். அட்டவணையில் பார்த்தபோது கனமழை என்று வந்தது. வெளியே வெயில் தார்ச் சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. தலைவர் அறைக்குள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் நடத்த முடியாத நிலைக்கு வருந்தினார். "மைதானம் முழுவதும் தண்ணீர்" என்றார். துணைத் தலைவர் ஒருவர் வேட்டியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். பெரியநாயகி எட்டு அட்டைகளைப் பையில் போட்டாள். ஒன்பதாவதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பாவம், நனைஞ்சிடுவாரு" என்று சிரித்தாள்.

எல்லாரும் சிரித்தார்கள். பரசுராமனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை தபால்காரர் தெருமுனையிலிருந்தே, "குமாரவேலு! பிள்ளையார்பாளையம் குமாரவேலு!" என்று கத்திக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு நீலாம்பாள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"யாரு நாயகி அது, உங்க வூட்ல புச்சா? நல்ல உயரமா இருப்பாராமே? ஒரு நாளும் கண்ணுல பட்லயே?"

"காலைலயே கெளம்பிப் பூடுவாருக்கா. ப்ராக்டீஸு" என்றாள் பெரியநாயகி, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

உள்ளே பரசுராமனின் உளி இடம் மாறி இறங்கியது. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மயிலுக்கு மூன்றாவது கால் விழுந்தது.

கடிதம் கழகத்திலிருந்து வந்திருந்தது. வாரத்தின் சிறந்த வீரராகத் திரு. குமாரவேல் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை பெற நேரில் வர வேண்டும் என்றும், வர இயலாவிட்டால் அவருடைய அட்டை தக்க உடையில் வர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. பெரியநாயகி மீந்த பட்டுத் துணியில், ஜரிகைக் கரையோடு, அட்டைக்கு அளவான உறை ஒன்று தைக்க உட்கார்ந்தாள்.

பரசுராமன் தம் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லாமல் அது அரை மாதமாகத் திறந்து கிடந்தது.

"பட்டன் தெச்சி தரேன்னு சொன்னியே?"

"தெக்கிறேன், தெக்கிறேன். இவருக்கு ஞாயித்துக்கெழம ஃபங்ஷன் இருக்குதுல்ல? உங்களுக்கு இன்னா இருக்குது?"

தமக்கு என்ன இருக்கிறது என்று பரசுராமன் அன்று முழுவதும் யோசித்தார்.

வெள்ளிக்கிழமை மாடிப்படி ஏறி, குமாரவேலை அணியிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், 'ஆட்டக்காரர் அளவுக்கு மேல் நன்றாக ஆடுகிறார்' என்று எழுதியிருந்தார்.

ஆதிகேசவன் அதிர்ந்துபோனார். "இன்னாபா சொல்ற? தங்கமான மனுசன். ஒரு வாரமா நானும் பாக்குறேன், பீடி இல்ல, குடி இல்ல, ஒரு வார்த்தை எதுத்துப் பேசினதில்ல. அவரு ஆடுறாருன்னு கேட்டுக்கினு தெருவுல இருக்குற பொம்பளைங்க பூரா வந்துக்கினு இருக்காங்க. போறப்ப கீழ காப்பித்தூளும் வாங்கிக்கினு போறாங்க."

தலைவர் விண்ணப்பத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, சட்டம் தெரியாமல் பேசுகிறீர்கள். ஒருவரை நீக்க வேண்டுமென்றால் முதலில் அவர் இருக்க வேண்டும். குமாரவேல் இல்லை. இல்லாதவரை நீக்க எந்தக் கழகத்துக்கும் அதிகாரம் கிடையாது. உங்களை நீக்கலாம், நீங்கள் இருக்கிறீர்கள். நீக்கட்டுமா?"

பரசுராமன் வேண்டாம் என்றார்.

"முப்பது வருஷம் நான் பத்திரம் பதிந்திருக்கிறேன்" என்று தலைவர் கனிவோடு தொடர்ந்தார். "எதிரே வந்து நின்ற மனிதரை நான் நம்பியதே இல்லை. காகிதத்தில் இருந்தவரைத்தான் நம்பினேன். ஒரு நாளும் ஏமாந்ததில்லை. போய் வாருங்கள்."

சனிக்கிழமை மத்தியானம். பெரியநாயகி சுற்றிய நூலைக் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தாள். தப்பாக விழுந்த துளையை அடைப்பது அட்டை குத்துகிறவர்களுக்குத் தெரிந்த வேலைதான். துளை அளவுக்கு ஒரு வட்டம் வெட்டிக் கஞ்சிப் பசை வைத்து ஒட்டிவிடுவார்கள். பரசுராமன் குமாரவேலைப் பட்டு உறையிலிருந்து வெளியே எடுத்தார். ஐந்து வட்டம் வெட்டினார். ஒட்டிக் காயவைத்து, நகத்தால் தேய்த்துப் பார்த்தார். எங்கே அடைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. மூன்றாம் கால் விழுந்த மயிலைச் சரிசெய்தபோதுகூட இவ்வளவு சுத்தமாக வரவில்லை. வேலை நன்றாக வந்திருந்தும் சந்தோஷம் ஏன் வரவில்லை என்று அவருக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படிவரை கூட்டம். மறுபடி செவிலிமேட்டோடு ஆட்டம். இந்தத் தடவை உள்ளூர் ஆட்டமாகக் கருதப்பட்டது. முதல் இன்னிங்ஸிலேயே குமாரவேலை முதலில் இறக்கச் சொல்லிக் கூட்டம் கேட்டது. பெரியநாயகி கட்டைகளைக் காதருகே குலுக்கினாள். "வாப்பா குமாரவேலு."

பன்னிரண்டு.

ஆதிகேசவன் அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "அவுட்டு" என்றார்.

ஆனால் பன்னிரண்டுக்கு மறு ஆட்டம் உண்டு. அதே ஆள்தான் ஆட வேண்டும். ஐந்து விழுந்தது. அவுட். ஐந்துக்கும் மறு ஆட்டம் உண்டு. ஆறு விழுந்தது. அவுட். இப்படி உலகப் பேஸ்பாலில் முதல் தடவையாக ஒரே ஆட்டக்காரர் ஒரே மூச்சில் மூன்று அவுட்டும் ஆகி, இன்னிங்ஸை முடித்து வைத்தார். ஒன்பது இன்னிங்ஸிலும் இதையே செய்தார். செவிலிமேடு இரண்டு ஓட்டத்தில் ஜெயித்தது. ஜெயித்த தர்மனே, "இன்னாபா ஆச்சு மனுசனுக்கு? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று வருத்தப்பட்டார்.

தலைவர் உடனடி விசாரணை தொடங்கினார்.

"ஐந்து துளை உள்ளவர் ஒரே நாளில் திறமை இழப்பது இயற்கைக்கு மாறானது. ஆகவே அவர் எதிரணிக்கு விலைபோயிருக்கிறார். பிரதிவாதியைக் கூப்பிடுங்கள்."

ஆதிகேசவன் மாடிப்படியின் மேல்படியில் போய் நின்றுகொண்டு, "குமாரவேல்! குமாரவேல்! குமாரவேல்!" என்று மூன்று தடவை கூவினார். பதில் வரவில்லை.

"மௌனம் சாதிக்கிறார்" என்று எழுதிக்கொண்டார் தலைவர். "வாழ்நாள் தடை."

முத்திரை விழுந்தது. நிகழ்ச்சி நிரலில் பொன்னாடை முதலில் அச்சாகியிருந்ததால், முதலில் குமாரவேலின் அட்டைக்குப் பொன்னாடை போர்த்திக் கைதட்டிவிட்டு, அதன் பிறகு தடையை வாசித்தார்கள்.

பெரியநாயகி பொன்னாடையை விலக்கி அட்டையை எடுத்தாள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். ஐந்து இடத்தில் வரவேண்டிய வெளிச்சம் ஓரிடத்திலும் வரவில்லை. அட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் கஞ்சிப் பசை காய்ச்சிக் கொடுக்கிறவள் அவள்தான்.

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரசுராமன் தாங்கியிருப்பார். அவள், கடையில் தன் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட ஆளைப் பார்ப்பதுபோல், யாரிவன் என்று பார்த்தாள்.

பரசுராமன் எழுந்து நின்றார். "ஐயா, அவரு மேல தப்பு இல்லீங்க. நான்தான் அடைச்சேன். என் கையாலதான்."

தலைவர் சலிப்போடு நிமிர்ந்தார்.

"உட்காருங்கள். குற்றவாளி முடிவாகிவிட்டார், முத்திரையும் விழுந்துவிட்டது. ஒரு குற்றத்துக்கு இரண்டு பேரை வைக்கப் பதிவேட்டில் இடமில்லை. உங்களுக்குக் குற்றவாளியாக வேண்டும் என்ற விருப்பம் இருந்தால், அடுத்த வாரம் தனியாக விண்ணப்பியுங்கள்."

சாயங்கால வெயிலில் இருவரும் நடந்தார்கள். தெரு முழுவதும் தறிச் சத்தம். பெரியநாயகி இரண்டடி முன்னால் போனாள். சாயப்பட்டறை முக்கு வந்ததும் பரசுராமனால் முடியவில்லை.

"நாயகி. நீ இன்னா வேணா சொல்லு, கேட்டுக்கிறேன். யாரும்மா அது?"

"யாரு?"

"குமாரவேலு."

அவள் நின்றாள். "அதுக்குத்தானா ஒரு வாரமா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருந்தீங்க? யாரும் இல்லீங்க."

"புருவத்துல தழும்பு எழுதினியே?"

"அங்க அடையாளம்னு ஒரு கேள்வி இருந்துச்சி. வெறுமனே விட மனசு வரல."

"கல்யாணம் ஆகலன்னு?"

"ஆச்சின்னு எழுதினா அவரு பொண்டாட்டி சண்டைக்கு வர மாட்டா?"

"ஒம்பது அங்குலம்?"

"பரண் மேல இருக்குற ஜாடிய எடுக்கறதுக்கு ஒவ்வொரு வாட்டியும் நான் முக்காலி தேடிக்கினு திரியறேன். நீங்களும் எட்ட மாட்டீங்க." அவள் குரல் சட்டென்று இறங்கியது. "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப உங்க வூட்ல இருந்து ஏழு பேரு வந்தாங்க. சமைக்கத் தெரியுமா, படிச்சிருக்குதா, நூல் சுத்துவியா, கொஞ்சம் நடந்து காட்டும்மான்னு எவ்ளோ கேட்டாங்க! எங்க அப்பா உங்க ஜாதகத்தப் பாத்தாரு, தறி எத்தினின்னு பாத்தாரு. உனக்கு எந்த மாதிரி ஆளு வேணும்னு என்னை ஒருத்தரும் கேக்கல. ஆறு வருசம் கழிச்சி உங்க கழகந்தான் கேட்டுச்சி. முப்பத்திரண்டு கேள்வி! பேனா கையில இருந்துச்சி, எழுதினேன். அவ்ளோதான். அதையும் பசை போட்டு அடைச்சிட்டீங்க."

பரசுராமன் சாயப்பட்டறைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. அந்த ஏழு பேரில் அவரும் ஒருவர்.

மறுநாள் காலையில் அவர் கழகத்துக்குப் போனார். மூன்றாம் பேஸ் காலியாக இருந்தது. ஒரு புதுப் படிவம் வாங்கிக்கொண்டு வந்து, பெயர் என்ற இடத்தில் 'பரசுராமன்' என்று எழுதினார். மீதி முப்பத்தொரு கேள்வியையும் எழுதாமல், பேனாவோடு ராட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தார்.

பெரியநாயகி சாயங்காலம்வரை அதைத் தொடவில்லை. விளக்கு வைத்த பிறகு எடுத்தாள். சிறிது நேரம் கழித்து, "வெள்ளைத் தாளு இருக்குதா? இதுல எடம் பத்தல" என்று கேட்டாள்.

உயரம்: ஐந்தடி நான்கு அங்குலம். அங்க அடையாளம்: வலது கட்டைவிரலில் உளி பட்ட தழும்பு, இரண்டு. குரல்: கேட்டால்தான் பேசும். குறைகள்: இணைப்புத் தாள் ஒன்று முதல் நான்கு வரை பார்க்கவும். கடைசிக் கேள்வி, 'இவ்வீரரைத் தொடர்ந்து அணியில் வைத்திருக்கப் பரிந்துரைக்கிறீர்களா?' என்பது. அதற்கு நேரே அவள், கழகம் எல்லாருக்கும் எழுதுவதைப் போலவே, 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதித் தேதி போட்டிருந்தாள்.

கட்டைவிரலில் இரண்டு தழும்பு இருப்பது பரசுராமனுக்கே தெரியாது. விரலை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இரண்டு இருந்தது.

குடும்பப் பொறுப்புக்காக ஒரு துளையைக் கழித்துக்கொண்டு, கழகம் அவருக்கு ஒரே ஒரு துளை அனுமதித்தது. தாயத்துக்கு நேரே மட்டும். இரண்டாம் வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு அவர் அதைக் குத்திக்கொண்டு போனார். சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் இருந்தது. நூல் மட்டும் வேறு நிறம், பட்டு நூல்.

மூன்றாம் பேஸ் பரசுராமனின் முறை வந்தது. பெரியநாயகி முந்தானையைச் செருகிக்கொண்டாள். கட்டைகளைக் காதருகே கொண்டுபோய், வெகு நேரம் குலுக்கினாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டு விழுந்தது.

"அவுட்டு" என்றார் ஆதிகேசவன்.

பெரியநாயகி கட்டைகளைப் பொறுக்கி மறுபடி குலுக்க ஆரம்பித்தாள்.

"எம்மா, ரெண்டுக்கு மறு ஆட்டம் கெடையாதும்மா!"

"எங்க வூட்டு ஆளுக்கு உண்டு" என்றாள் அவள்.

தலைவர் அவசரமாக விதிப் புத்தகத்தை எடுத்து, மிஞ்சியிருந்த எட்டுப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். அவள் சொன்னதற்கு எதிராக அதில் ஒன்றும் இல்லை.